முப்பது வட்டி யார் வீட்டுப் பணம்?

நெசவு ஊரான ஆரணியில் வட்டிக் கணக்கு தெரியாத வீடு கிடையாது. இரண்டு வட்டி என்றால் தெரிந்தவர் கொடுத்தது. மூன்று வட்டி என்றால் அவசரம். ஐந்து வட்டி என்றால் வீட்டில் யாருக்கோ ஆஸ்பத்திரிச் செலவு. அதற்கு மேலே போனால் கந்துவட்டி. 2003இல் அதைத் தடுக்க அரசு சட்டமே போட்டது. இத்தனையும் தெரிந்த ஊரில்தான், லட்சம் ரூபாய் போட்டால் மாதம் 25,000, 30,000 தருகிறோம் என்ற ஆருத்ரா நிறுவனத்துக்கும் ஒரு கிளை இருந்தது. முப்பது வட்டி! ஐந்து வட்டி கட்டவே தாலிக்கொடி அடகுக்குப் போவதைப் பார்த்த நமக்கு, இவர்கள் முப்பதை எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே!

2022 மே மாதம் அந்த நிறுவனத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் சோதனை போட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூல் என்று கணக்கு வெளியே வந்தது. இதே போலப் பணம் வசூலித்த காட்பாடி ஐ.எஃப்.எஸ். நிறுவன விவகாரத்தில் பேசப்பட்ட தொகை அதையும் தாண்டியது.

பணம் போட்டவர்களுக்குப் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். என் மனசு ஆறவில்லை. இந்த ஊரில் உழைப்பு என்ன தருகிறது என்று யாராவது பார்த்தார்களா? குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தால் ஒரு பட்டுப்புடவை இறங்க நாள் கணக்கில் ஆகும். வீட்டுப் பெண்கள் தார் சுற்ற வேண்டும், அறுந்த இழையைப் பிணைக்க வேண்டும். அதற்கெல்லாம் தனிக் கூலி கிடையாது. பட்டுநூலும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். நெய்கிறவர் கைக்கு வருவது கூலி மட்டும். அது போதாத மாதம் முதலாளியிடமே முன்பணம். முன்பணம் தீராமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி அழைத்துக்கொண்டால், கடன் பெயர் மாறும், தீராது. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1970களிலிருந்து ஆரணிக்குத் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தார். அந்த நாற்பதாண்டு மாற்றம் 2016இல் ஒரு நூலாகவே வந்தது. நம் ஊர்க் கணக்கை ஆராய வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தார்கள். நாம் என்ன செய்தோம்?

நூல் விலை ஏறினால் புடவை விலை ஏறுகிறது. தங்கம் ஏறினால் ஜரிகை ஏறுகிறது. கூலியை ஏற்றச் சொன்னால் மட்டும் வியாபாரம் படுத்துவிட்டதாம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இருந்தும் இங்கே நெய்தது காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விலை போகிறது. அந்தக் கூடுதல் காசிலும் தறிக்காரருக்குப் பங்கில்லை.

இதைவிட என்னை வதைப்பது மரியாதை போனதுதான். தறி நெய்கிற பையனுக்குப் பெண் கொடுக்க நெசவுக் குடும்பமே யோசிக்கிறது. மாப்பிள்ளை எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று விசாரிக்கிறோம், எப்படிச் சம்பாதிக்கிறார் என்பதை விட்டுவிடுகிறோம். இந்த மாதிரி நிறுவனங்களுக்கு ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கியவன் புது காரில் வந்து இறங்கினால் முன்வரிசையில் நாற்காலி போடுகிறோம். முப்பது வருஷம் நெய்து கண் மங்கிய பெரியவர் பந்தலுக்கு வெளியே நிற்கிறார். பக்கத்து வீட்டில் இதையெல்லாம் பார்த்து வளர்கிற பிள்ளை எந்தப் பணத்தைத் தேடிப் போவான்? ஏன் போனாய் என்று அவனை மட்டும் திட்டுவது எந்த நியாயம்?

போட்ட பணம் வருமா என்று பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களுக்குச் சட்டம் வழி செய்யட்டும். கல்யாணப் புடவை எடுக்க ஆரணிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். லட்ச ரூபாய்ப் புடவையைப் பிரித்துக் காட்டும்போது, இதை நெய்தவருக்குக் கூலி எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.