அடிக்கடி விழும் சிறுவனும் ஒரு புரதமும்

திருவாண்டார்கோயிலிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் மகனை அழைத்து வரும் பெற்றோர் சிலர் எங்களிடம் ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்கின்றனர். பையன் ஓடும்போது அடிக்கடி விழுகிறான். தரையிலிருந்து எழுகையில் தன் தொடைகளையே கைகளால் பற்றி ஏறுவதுபோல் எழுகிறான். கெண்டைக்கால் திரண்டிருப்பதைக் கண்டு, பிள்ளை உறுதியாக வளர்கிறான் என்று வீட்டார் மகிழ்ந்திருப்பர். இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள் கூடியிருந்ததால், மஞ்சள்காமாலை எனக் கருதிக் கீழாநெல்லியும் கல்லீரல் மருந்துகளும் மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டிருக்கும்.

அந்த நொதிகள் கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் உள்ளன. ஆகவே இத்தகைய சிறுவனுக்கு முதலில் செய்ய வேண்டியது கிரியேட்டின் கைனேஸ் என்னும் எளிய இரத்தப் பரிசோதனையே என்பது எங்கள் உறுதியான கருத்து. டுஷென் தசைச்சிதைவு நோயில் அதன் அளவு இயல்பைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கும்.

இந்நோயில் இல்லாமற்போவது, 1987-இல் கண்டறியப்பட்ட டிஸ்ட்ரோபின் என்னும் புரதம். தசைச் செல்லுக்குள் உள்ள ஆக்டின் இழைகளைச் செல்லின் மேற்சவ்வோடு பிணைப்பது அதன் பணி. கூரைவீட்டில் கீற்றை மூங்கிலோடு சேர்த்துக் கட்டும் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டில்லாத கீற்றைக் காற்று தூக்குவதுபோல, தசை இயங்க இயங்கச் சவ்வு கிழிகிறது. கால்சியம் உள்ளே புகுகிறது. உள்ளிருந்த நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. அழிந்த தசையின் இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. திரண்ட கெண்டைக்காலின் காரணம் பெரும்பாலும் இதுவே. ‘பலம் வரட்டும்’ என்று பையனை மாடிப்படி ஏறி இறங்கச் செய்வது ஏன் கேடாகிறது என்பதும் இதனால் விளங்கும்.

நாங்கள் மிகவும் வருந்துவது வேறொன்றுக்கு. நோயின் பெயர் தெரிந்த அன்றே தாயின்மீது பழி விழுகிறது. ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்பர்; ‘பெண் வீட்டுக் குறை’ என்பர். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. உறவுமுறைத் திருமணம் இந்நோய்க்குக் காரணமன்று. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளில் பிழை புதிதாகத் தோன்றியதே. தாயிடம் அது இருப்பதில்லை. இருந்தாலும், அதை அவர் விரும்பி வாங்கி வந்தாரா என்ன? தாய்க்கும் மரபணுச் சோதனை வேண்டும் என்கிறோம். அது பழிக்காக அன்று. அடுத்த பேறு குறித்துத் தீர்மானிக்கவும், அவருடைய சகோதரிகளுக்கு அறிவுறுத்தவும், பிழையைச் சுமக்கும் பெண்ணின் இதயமும் பலவீனமடையக்கூடும் என்பதால் அதைக் காக்கவுமே. கோயம்புத்தூரிலுள்ள எம்.டி.சி.ஆர்.சி. மையம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இச்சோதனையையும் ஆலோசனையையும் பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது.

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் உரிய வயதில் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்து நடக்கும் ஆண்டுகளை நீட்டிக்கிறது. அதை மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. இதயமும் மூச்சும் தவறாமல் பரிசோதிக்கப்பட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு நோயும் இடம்பெற்றுள்ளதால், சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

எங்களிடம் வரும்போது பழைய பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். தாயை மட்டும் அனுப்பாமல், தந்தையும், இயன்றால் பாட்டியும் உடன் வந்து கேட்கட்டும்.