நாணத்தை விற்போர்

ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் தாடையைக் கையால் மறைத்தபடி வகுப்பில் அமரும் மாணவியரை நாம் அறிவோம். பெண்முகத்தில் மிகுந்து வளரும் உரோமத்தை வீடு ஊழ் என்கிறது. வீதி எள்ளி நகையாடுகிறது. வணிகனோ அந்த நாணத்தையே முதலாக்கிக் களிம்பு விற்கிறான். பெரும்பாலும் இது சூலக நீர்க்கட்டி நோயின் விளைவு என்பதை எவரும் சொல்வதில்லை.

மருந்துகளை ஒப்பிட்டோர் உளர். 2015இல் கொக்ரேன் அமைப்பு 157 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தது. அவற்றுட் பல குறைபாடுடையவை. பெண்ணின் நோவை ஆராய்ச்சியுலகும் அரைமனத்தோடுதான் நோக்கியது! எனினும் கருத்தடை மாத்திரையும் ஸ்பைரோனோலக்டோனும் பயன் தருவதை அது கண்டது. மெட்போமின் உரோமத்தைக் குறைக்கவில்லை. புளூட்டமைட் பயன் தந்தாலும் ஈரலைக் கெடுக்கக்கூடும். ஸ்பைரோனோலக்டோனைக் கருவுற்றோர் உண்ணலாகாது. எதுவாயினும் பலன் தெரியக் குறைந்தது ஆறு மாதமாகும்.

மணமாகாத மகளுக்குக் கருத்தடை மாத்திரையா என்று தாய் அஞ்சுகிறாள். அது ஆண் ஓமோனையும் அடக்கும் மருந்து என்று அவளுக்கு எடுத்துரைத்தவர் யார்?

மருந்தை வணிகப் பெயரால் அன்றி அதன் உண்மைப் பெயரால் மக்கள் அறியவேண்டும் என்று போராடியவர் சேனக பிபிலே. அவரது முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. அவ்வழி நின்று, எது குணப்படுத்தும், எது கெடுக்கும் என்பதை ஆசிரியராகிய நாம் வகுப்பறையில் தமிழிற் சொல்வோம். நாம் வாய்மூடி இருக்குமட்டும் களிம்புக் கடைக்காரனே இவ்வூர்ப் பெண்களுக்கு மருத்துவன்.