கடிகாரம் ஒண்ணு, சூரியன் ரெண்டு

1/ அருணாச்சலப் பிரதேசத்துல லோஹித் நதிக்கரையில டோங்னு ஒரு குட்டிக் கிராமம். நாட்டோட கிழக்குக் கோடி. குஜராத் கட்ச்ல குஹர் மோட்டின்னு இன்னொரு கிராமம். மேற்குக் கோடி. ரெண்டுக்கும் நடுவுல சுமார் 29 பாகை தீர்க்கரேகை. பாகைக்கு 4 நிமிஷம்னா கிட்டத்தட்ட 2 மணி நேரம்! ஆனா சுவர்க் கடிகாரம் ரெண்டு ஊர்லயும் ஒரே நேரத்தைத்தான் காட்டும்.

2/ டிசம்பர் மாதத்தை எடுத்துக்கோங்க. டோங்ல சாயங்காலம் 4 மணி தாண்டினதும் சூரியன் மறையும். குஹர் மோட்டியில 6 மணிக்கு மேலதான். ஜூன்ல டோங்ல காலை 4 மணி போல விடிஞ்சிடும். அங்க 10 மணிக்கு ஆபீஸ் திறந்தா, விடிஞ்சு 6 மணி நேரம் வீணாப் போயிருக்கும். மேற்குல டிசம்பர் கடைசியில காலை ஏழரை மணி போலதான் சூரியன் தலை காட்டும்.

3/ "இதுல டாக்டருக்கு என்ன வேலை?"ன்னு கேப்பீங்க. இருக்கு.

நம்ம மூளையில ஹைப்போதாலமஸ் பகுதியில ஒரு சின்ன நரம்புக் கூட்டம் இருக்கு. அதுதான் உடம்போட கடிகாரம். அதுக்கு முள்ளைத் திருப்பி வைக்கிறது கண் வழியா வர்ற வெளிச்சம். இருட்டினா மெலடோனின் சுரக்கும், தூக்கம் வரும். இந்த உயிர்க்கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்குத்தான் 2017 மருத்துவ நோபல்.

4/ உடம்பு சூரியனைப் பாக்குது. பள்ளிக்கூட மணி அரசாங்கக் கடிகாரத்தைப் பாக்குது. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா அடி வாங்குறது குழந்தையோட தூக்கம்.

மேற்குல லேட்டா இருட்டுறதால பிள்ளை லேட்டா தூங்குது. காலையில மணி அடிக்கிற நேரம் மட்டும் மாறல. பொருளாதார ஆய்வாளர் மௌலிக் ஜக்னானி இந்தியத் தரவுகளை வெச்சுப் பார்த்ததுல, சூரியன் மறையறது ஒரு மணி நேரம் தள்ளிப்போனா குழந்தைகளோட தூக்கம் சுமார் அரை மணி நேரம் குறையுது. தினமும் அரை மணி!

5/ கொஞ்சம் வரலாறு. இந்திய நேரம் வந்தது 1906-ல. அதுக்கு முன்னாடி இந்திய ரயில்கள் ஓடினது மெட்ராஸ் நேரத்துல! கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் தங்களோட நேரத்தை விடல. இப்போதைய நேரம் 82.5 பாகை ரேகைக்கானது. அதுக்கும் சென்னைக்கும் வித்தியாசம் வெறும் 9 நிமிஷம். அதனாலதான் இந்தப் பிரச்சினை நமக்கு உறைக்கல.

6/ அசாம் தேயிலைத் தோட்டங்கள்ல இன்னைக்கும் 'பாகான் டைம்'னு ஒண்ணு இருக்கு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சு வேலை பாக்குறாங்க. வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடியணும், அவ்வளவுதான். 2018-ல தேசிய இயற்பியல் ஆய்வகமும் வடகிழக்குக்கு ஒரு மணி நேரம் முந்தின தனி நேரம் கொடுக்கலாம்னு கட்டுரை எழுதுச்சு.

7/ "நாட்டுக்கு ரெண்டு நேரம்னா ரயில் மோதும், ஒற்றுமை கெடும்"னு ஒரு தரப்பு. ரயில் பயம் நியாயமானது, தள்ளிவிட முடியாது.

என் கருத்து: அந்த விவாதம் முடியற வரைக்கும் குழந்தைங்க காத்திருக்க வேண்டாம். கடிகாரத்தைத் தொடாமலே பள்ளி, ஆபீஸ் நேரத்தை மாநில அரசுகளே மாத்தலாம். கிழக்குல சீக்கிரம் திறங்க, சீக்கிரம் மூடுங்க. மேற்குல குளிர்காலத்துல லேட்டா மணி அடிங்க. இதுக்கு ரயில் அட்டவணையில ஒரு வரி கூட மாறாது.

8/ நமக்கு என்ன பாடம்? டோங் பிள்ளைக்கும் குஹர் மோட்டி பிள்ளைக்கும் சூரியன் மேல பழி போட நியாயம் இருக்கு. 9 நிமிஷ வித்தியாசத்துல வாழுற நமக்கு அது இல்லை. நம்ம வீட்டுல ராத்திரி 11 மணிக்கு சூரியனை உதிக்க வைக்கிறது கையில இருக்கிற போன்தான்.

காலையில கொஞ்ச நேரம் வெயில் முகத்துல படட்டும். ராத்திரி வீட்டு விளக்கைக் குறைங்க. பிள்ளை கையில இருக்கிற போனை வாங்கி வைங்க. முக்கியமா, உங்க கையில இருக்கிறதை முதல்ல வைங்க.