திரைக்குப் பின்னே நடுவர், தெருவிலே ஊர்

பேண்டு வாத்தியம் என்றதும் நம் கண்முன் வருவது கல்யாண ஊர்வலம். சீருடை, தோளில் ஜரிகை, கூலிக்கு வாசித்துவிட்டு இரவோடு இரவாக அடுத்த ஊருக்குக் கிளம்பும் கலைஞர்கள். இங்கிலாந்தின் வடக்கே அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். யார்க்‌ஷயர், லங்காஷயர், டர்ஹம் வட்டாரங்களில் பேண்டு என்பது ஊர்ப் பொதுச்சொத்து. கருவிகள் குழுவுக்குச் சொந்தம், வாசிப்பவருக்கு அவை இரவல். வாசிப்பவர்கள் ஆசிரியர்கள், செவிலியர்கள், லாரி ஓட்டுநர்கள், பள்ளிப் பிள்ளைகள். வாரத்தில் இரண்டு மாலை பயிற்சிக்கூடத்தில் கூடுகிறார்கள். சம்பளம் கிடையாது, பல குழுக்களில் அவர்களே சந்தாவும் கட்டுகிறார்கள். இப்படி ஓர் ஏற்பாடு ஒரு தலைமுறை நீடித்தாலே வியப்பு. இது ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அதைத் தாங்கிப் பிடித்ததில் ஊர்ப்பற்றுக்கும் ஆலை முதலாளிகளின் கொடைக்கும் பங்கு உண்டு என்றாலும், பெரும்பங்கு போட்டிக்கே என்பது என் வாதம். போட்டி கலையைக் கெடுக்கும் என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக உண்டு. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால், போட்டி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் அந்த முடிவுக்கு வருவது அவசரம்.

முதலில் கருவியைப் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பித்தளைக் குழலில் வால்வு பொருத்தும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. எக்காளம் போன்ற வெறுங்குழலில் ஒருசில சுரங்களையே எழுப்ப முடியும். வால்வு வந்ததும் மூன்று விரல்களால் எல்லாச் சுரங்களையும் தொட முடிந்தது. 1840-களில் அடோல்ஃப் சாக்ஸ் பாரிஸில் ஒரே சாயலில் சிறிதும் பெரிதுமாகச் செய்த சாக்ஸ்ஹார்ன் கருவிகளை டிஸ்டின் குடும்பத்தார் பிரிட்டனில் வாசித்துப் பரப்பினார்கள். நூற்பாலையிலும் சுரங்கத்திலும் உழைத்துக் காய்த்த விரல்களுக்கு வயலினைவிட இது எளிதில் இணங்கியது. தெருவில் நடந்துகொண்டே வாசிக்கலாம், தூறலுக்கும் தாங்கும். இன்று நிலைபெற்றுள்ள அமைப்பில் 25 பித்தளைக் கருவிகள்: கார்னெட்டுகள், ஒரு ஃப்ளூகல்ஹார்ன், டெனர் ஹார்ன்கள், பாரிடோன்கள், யூஃபோனியங்கள், டிராம்போன்கள், கனத்த டியூபாக்கள். கூடவே தாளக் கருவிகள். பேஸ் டிராம்போன் ஒன்றைத் தவிர மற்ற பித்தளைக் கருவிகள் அத்தனைக்கும் இசைக்குறிப்பு ஒரே முறையில் எழுதப்படுகிறது. கார்னெட் பழகிய பிள்ளை நாளை டெனர் ஹார்னுக்கோ டியூபாவுக்கோ மாறினாலும் அதே குறிப்பு, அதே விரலிடல். டியூபா வாசித்தவர் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டால், அந்த நாற்காலிக்கு இன்னொருவர் நகர்ந்துகொள்ளலாம். ஆள் குறைவான சிற்றூருக்கு இதைவிடப் பொருத்தமான இசைக்குழு அமைவது கடினம். இந்த ஒழுங்கை நிலைநிறுத்தியதில் போட்டி விதிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. எல்லோரும் ஒரே இசையை வாசித்து மோத வேண்டுமானால், எல்லோரிடமும் ஒரே கருவிகள் இருந்தாக வேண்டும் அல்லவா?

1853-இல் மான்செஸ்டரின் பெல் வ்யூ தோட்டத்தில் 8 குழுக்கள் மோதின. பெயரிலேயே மதுவிலக்கைச் சுமந்த மோஸ்லி டெம்பரன்ஸ் சாக்ஸ்ஹார்ன் குழு வென்றது. அந்தப் போட்டிதான் பிரிட்டிஷ் ஓப்பன் என்ற பெயரில் இன்றும் செப்டம்பர்தோறும் பர்மிங்காமில் நடக்கிறது. எண்டர்பி ஜாக்சன் என்ற ஏற்பாட்டாளர் சலுகைக் கட்டண ரயில்களில் வடக்கிலிருந்து கூட்டத்தைத் திரட்டி 1860-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் மாபெரும் போட்டியை நடத்தினார். 1900-இல் அதே இடத்தில் தேசியப் போட்டி தொடங்கியது. 1936-இல் அந்த மாளிகை எரிந்து போனது. 1945 முதல் தேசியப் போட்டியின் இறுதிச்சுற்றுக்கு ராயல் ஆல்பர்ட் ஹால் மேடையாக இருக்கிறது.

போட்டியின் அமைப்பில்தான் விஷயம் இருக்கிறது. பிரிட்டன் 8 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குழுக்கள் தம் திறத்துக்கேற்ப 5 பிரிவுகளில் நிற்கின்றன. உச்சியில் சாம்பியன்ஷிப், அதன் கீழே முதல் பிரிவிலிருந்து நான்காம் பிரிவு வரை. தொடர்ந்து நன்றாக வாசித்தால் ஏற்றம், சரிந்தால் இறக்கம். நான்காம் பிரிவில் நிற்கும் மலைக்கிராமத்துக் குழு, உச்சியில் நிற்கும் பிளாக் டைக் போன்ற குழுவோடு மோத வேண்டியதில்லை. தன்னையொத்த குழுக்களோடு மோதினால் போதும். ஒரு பிரிவில் உள்ள எல்லோருக்கும் ஒரே படைப்பு கொடுக்கப்படுகிறது. எந்தப் படைப்பு என்பது மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். மேடையேறும் வரிசை சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். நடுவர்கள் திரை போட்ட கூண்டுக்குள் அமர்ந்திருக்கிறார்கள். யார் வாசிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. எந்த ஊர், என்ன சீருடை, இசை நடத்துநருக்கு எவ்வளவு புகழ் என்பதெல்லாம் திரைக்கு இப்பால் நின்றுவிடும். ஒலி மட்டுமே உள்ளே போகும். ஆள் முகம் பார்த்துப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை அறிந்தவர்கள் இந்தத் திரையின் மதிப்பை உணர்வார்கள். தொழில்முறைக் கலைஞனுக்கு ஒவ்வொரு கச்சேரியும் ஒரு கெடு. மாலை வேலைக்குப் பின் களைத்து வரும் மனிதருக்கு அப்படி ஒரு கெடுவை யாராவது வைத்தால்தான் உண்டு. மார்ச் மாத வட்டாரப் போட்டி அந்தக் கெடு. அதற்காக ஜனவரிக் குளிரில் ஒரே நான்கு வரிகளை முப்பது முறை வாசிக்கும்போது மூன்றாம் கார்னெட் வரிசையின் கடைசி நாற்காலிக்காரரும் தேறிவிடுகிறார். இனிமையாகப் பொழுதுபோக்கக் கூடும் குழுவில் அவருடைய தப்பு யார் காதிலும் விழாது. போட்டிக் குழுவில் விழும், திருத்தவும் படும்.

கலை என்ன குதிரைப் பந்தயமா என்பது முதல் ஆட்சேபம். பத்துப் பதினைந்து நிமிடப் படைப்பை இருபது குழுக்கள் அடுத்தடுத்து வாசிக்க, இதற்கு இத்தனை புள்ளி, அதற்கு ஒரு புள்ளி குறைவு என்று சொல்வது இசைக்குச் செய்யும் அநீதி என்பார்கள். ஒரு புள்ளி வித்தியாசத்தில் உண்மை இருப்பதாக நானும் நம்பவில்லை. நடுவர்களின் ரசனை மாறுபடும், தீர்ப்புகள் சர்ச்சையாகும். ஆனால், போட்டி இசைக்கு என்ன கொடுத்தது என்ற கணக்கையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இக்குழுக்கள் இத்தாலிய ஓப்பராக்களின் தொகுப்புகளைத்தான் வாசித்து வந்தன. 1913-இல் கிரிஸ்டல் பேலஸ் போட்டிக்கென்றே பெர்சி ஃப்ளெட்சர் புதிதாக ‘லேபர் அண்ட் லவ்’ எழுதினார். பிறகு வரிசையாக வந்தார்கள்: 1928-இல் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், 1930-இல் எட்வர்ட் எல்கர், 1932-இல் ஜான் அயர்லாந்து. நாட்டின் தலைசிறந்த இசையமைப்பாளர்கள், சுரங்கத் தொழிலாளியும் நெசவாளியும் வாசிப்பதற்காக எழுதிய படைப்புகள் இவை. வேறு எந்த வாசல் வழியாக எல்கர் அவர்களிடம் வந்திருப்பார்? போட்டி குழுக்களைப் பழமையில் பூட்டிவிடுகிறது என்பது அந்த ஆட்சேபத்தின் இன்னொரு வடிவம். நிலக்கரி ஊரான கிரைம்தோர்ப்பின் குழு 1973-இல் ஹாரிசன் பர்ட்விஸ்லின் ‘கிரைம்தோர்ப் ஆரியா’வை அரங்கேற்றியது. அது சமரசம் ஏதும் இல்லாத, காதைச் சோதிக்கும் நவீன இசை. அதை ஏற்று வாசிக்கும் துணிவுக்குப் பின்னால் போட்டிப் படைப்புகளோடு மல்லுக்கட்டித் தேறிய பல பத்தாண்டுப் பயிற்சி இருந்தது.

மேடைத் திறமை மேடையோடு நின்றுவிட்டால் என் வாதத்தில் பாதி விழுந்துவிடும். அது ஊருக்குத் திரும்புவதுதான் இந்த வழக்கத்தின் அழகு. பெந்தெகொஸ்தே ஞாயிற்றை அடுத்து வரும் வெள்ளிக்கிழமை, பெனைன் மலையடிவாரத்தில் சாடில்வொர்த், டேம்சைடு கிராமங்களில் நடக்கும் அணிவகுப்புப் போட்டிகள் 1884-இல் தொடங்கியவை. காலையில் தேவாலய ஊர்வலம். பிற்பகலிலிருந்து பேண்டுகள் பேருந்துகளில் ஊர் ஊராகப் பாய்கின்றன. டெல்ஃபில் இறங்கி, வரிசை கட்டி, தெருவில் வாசித்துக்கொண்டே நடந்து, மைதானத்தில் நின்று ஓர் அணிவகுப்பு இசையை வாசித்து, உடனே பேருந்தேறி டாப்கிராஸ், அங்கிருந்து அப்பர்மில். நடுவர் மூடிய ஜன்னலுக்குப் பின்னே ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறார். இருட்டிய பின்னும் வாசிப்பு ஓய்வதில்லை. உலகப் புகழ் பெற்ற குழு முடித்த அதே இடத்தில், அடுத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் குழு வாசிக்கிறது. நடுவருக்கு இரண்டும் வெறும் எண்கள்தான். ஊர் மக்கள் நாற்காலிகளை வாசலில் போட்டுக்கொண்டு இரண்டுக்கும் கைதட்டுகிறார்கள். போட்டியும் திருவிழாவும் இப்படிப் பிரிக்க முடியாமல் கலந்த இன்னோர் இரவை நான் அறியேன்.

ஆண்டின் மற்ற நாள்களில் பரிசே கிடையாது. கோடையில் பூங்கா மண்டபத்துக் கச்சேரிகள். நவம்பரில் போரில் இறந்தோர் நினைவுத் தூணருகே வாசிப்பு. டிசம்பரில் உறைகுளிரில் கடைத்தெரு முனையில் நின்று கிறிஸ்துமஸ் கீதங்கள். குழுவின் உண்டியலில் விழும் சில்லறை அடுத்த ஆண்டின் செலவுக்கு உதவும். ஜூலை இரண்டாம் சனிக்கிழமை டர்ஹம் சுரங்கத் தொழிலாளர் பெருவிழா. 1871 முதல் நடந்து வருவது. சுரங்கக் கிளைகளின் பட்டுக் கொடிகளுக்கு முன்னால் பேண்டுகள் நடந்துவந்து, ராயல் கவுன்டி ஹோட்டல் மாடத்தின் கீழ் நின்று வாசிக்கின்றன. அங்கே ‘கிரெஸ்ஃபோர்டு’ ஒலிக்கும்போது கூட்டம் அமைதியாகிறது. 1934-இல் வேல்ஸின் கிரெஸ்ஃபோர்டு சுரங்க வெடிப்பில் மாண்ட 266 பேரின் நினைவாக ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி அமைத்த மெட்டு அது. மெதுவான, நீண்ட மூச்சு வேண்டும் இசை. சுருதி சற்றே பிசகினாலும் துக்கம் கலைந்துவிடும். அந்த மூச்சும் சுருதியும் போட்டிக்கான பயிற்சியில்தான் கைகூடின. இறந்தவர்களின் ஊருக்கு அரைகுறையாக வாசிப்பது அவமதிப்பு என்று அந்த மக்கள் கருதுகிறார்கள். நானும் அப்படியே கருதுகிறேன்.

ஆலையும் சுரங்கமும் போய்விட்டனவே, இது வெறும் பழம்பெருமை ஏக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. குவீன்ஸ்பரியில் ஜான் ஃபாஸ்டரின் கம்பளி ஆலை 1855-இல் தன் பெயரில் பேண்டை ஏற்றெடுத்ததால்தான் பிளாக் டைக் வளர்ந்தது என்பது உண்மை. அதே யார்க்‌ஷயரில் பிரிகவுஸ் அண்ட் ராஸ்ட்ரிக் குழு முதலாளி தயவு இல்லாமல் ஊர்ச் சந்தாவிலேயே உயர்ந்து முன்வரிசையில் நிற்கிறது. 1992 அக்டோபரில் 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்தது. கிரைம்தோர்ப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதே மாதம் கிரைம்தோர்ப் குழு ஆல்பர்ட் ஹாலில் தேசியப் பட்டம் வென்றது. மறு ஆண்டு சுரங்கம் மூடியது, குழு மூடவில்லை. 1996-இல் வந்த ‘பிராஸ்டு ஆஃப்’ திரைப்படம் அந்தக் கதையை உலகறியச் செய்தது. படம் பார்த்தவர்கள் கண்ணீரை நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின்பு நடந்தது: வேலை போன ஊரில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய படைப்பு, ஒரு புதிய கெடு, கூடிப் பயிற்சி செய்ய ஒரு காரணம் மிஞ்சியது. ஏக்கத்தால் இதைச் செய்திருக்க முடியாது, ஏனென்றால் ஏக்கத்துக்குத் தேதி கிடையாது.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. வெற்றி வெறி சில இடங்களில் எல்லை மீறுகிறது. மேல்பிரிவுக் குழுக்கள் திறமையான வாசிப்பாளர்களைச் சுற்றுவட்டாரத்திலிருந்து இழுத்துக்கொள்ள, கீழ்ப்பிரிவுக் குழுக்களில் நாற்காலிகள் காலியாகின்றன. இரவல் ஆட்களைக் கட்டுப்படுத்தும் பதிவு விதிகள் இருந்தும் இந்த இழுப்பு நிற்கவில்லை. ஊர்ப்பெயரைத் தாங்கிய குழுவில் ஊர்க்காரர் சிலரே எஞ்சும்போது, கிறிஸ்துமஸ் தெருமுனைக்கு வர ஆளிருக்காது. இதற்கு மருந்து போட்டியை ஒழிப்பதில் கிடையாது, அடிவாரத்தை நிரப்புவதில் இருக்கிறது. நல்ல குழுக்கள் பலவும் தமக்குக் கீழே ஓர் இளையோர் குழுவையும், அதற்கும் கீழே தொடக்கநிலை வகுப்பையும் வைத்திருக்கின்றன. பழைய கார்னெட்டை எட்டு வயதுப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகின்றன. ஒரு காலத்தில் ஆண்களின் கோட்டையாக இருந்த இந்தக் குழுக்களில் இன்று பெண்கள் எல்லா வரிசைகளிலும் வாசிக்கிறார்கள் என்றால் அதற்கும் இந்த வகுப்புகளே காரணம். உள்ளாட்சி நிதி சுருங்கிய ஆண்டுகளில் பள்ளிகளில் கருவி கற்பிப்பது முதலில் வெட்டப்பட்ட இனங்களில் ஒன்று. அந்தச் சுமை தன்னார்வலர்கள் தோளில் விழுந்திருக்கிறது. ஒரு டியூபாவின் விலை சிறு குழுவின் ஆண்டு வருமானத்தை விழுங்கிவிடும். 1990-களில் தேசிய லாட்டரிப் பணத்தில் பல குழுக்கள் புதுக் கருவிகள் வாங்கின. அவை இன்னும் ஊதப்படுகின்றன, முப்பது ஆண்டுத் தேய்மானத்தோடு. கோப்பைக்கும் மேடைக்கும் புரவலர் தேடுவது எளிது. புரவலர்களும் அரசும் முதலில் எட்டவேண்டியது அந்த எட்டு வயதுப் பிள்ளையின் கார்னெட்டை, சூடேற்ற வசதியுள்ள ஒரு பயிற்சிக்கூடத்தை, செவ்வாய் மாலை அங்கே வந்து சொல்லித்தரும் ஆசிரியரின் ஊதியத்தை.