குதிரையிடம் பேசிய பையன்
‘வார் ஹார்ஸ்’ நாவல் பிறந்த விதத்தை அதை எழுதிய மைக்கேல் மொர்பர்கோ சொல்லியிருப்பதைப் படித்ததிலிருந்து, நாவலைவிட அந்தப் பையன்தான் மனதில் நிற்கிறான். மொர்பர்கோவும் மனைவி கிளேரும் 1976இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், நெதர்காட் என்னும் இடத்தில் நகரத்துப் பிள்ளைகளுக்காகப் பண்ணை தொடங்கினார்கள். பர்மிங்காமிலிருந்து வந்த அந்தப் பையனுக்குத் திக்குவாய், பள்ளியில் பேசுவதே இல்லை. அவனிடம் கேள்வி எதுவும் கேட்டுவிடாதீர்கள் என்று ஆசிரியர்கள் எச்சரித்திருந்தார்கள். ஒருநாள் இரவு லாயத்தின் வாசலில் நின்று, அன்று பண்ணையில் தான் செய்த வேலைகளைத் தங்குதடையில்லாமல் குதிரையிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். குதிரை பொறுமையாகக் கேட்டது என்பதைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கோ, சொல்வதற்கு அவனிடம் அவ்வளவு விஷயம் இருந்ததே, அதுதான் பெரிதாகப் படுகிறது. பண்ணையைச் சும்மா சுற்றிப்பார்க்க வந்து, முயலைத் தடவி, ஆட்டுக்குட்டியோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பிள்ளைக்கு அது வாய்க்காது. நெதர்காட்டில் பிள்ளைகள் ஆசிரியர்களோடு ஒரு வாரம் தங்குகிறார்கள். மழையானாலும் பன்றிக்குத் தீனி வைக்கிறார்கள், முட்டை பொறுக்குகிறார்கள், சாணம் அள்ளுகிறார்கள். அழுக்காகிவிடும், கடித்துவிடும் என்று பெரியவர்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கையைக் கழுவிக்கொள்ளலாம்; முதலில் அந்தத் தீனி வாளியைப் பிள்ளையிடம் கொடுங்கள்.