பாலை நிறுத்தச் சொன்னாரா டாக்டர்?

"ஆறு மாசமாச்சு, 'வீன்' பண்ணுங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, வேப்பெண்ணெய் தடவி நிறுத்திட்டேன் அக்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். பதறிப்போனேன்.

அகராதியில் 'பால் மறக்கடித்தல்' என்றுதான் இருக்கிறது; அவள் மேல் குற்றமில்லை. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் 'பழக்குதல்' என்றே பொருள். டாக்டர் சொன்னதும் அதுதான்: தாய்ப்பாலோடு கூடவே குழைந்த பருப்புசாதம், மசித்த வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ் என்று பழக்க வேண்டும். இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும்கூடப் பால் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். (வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம்! பச்சைக்குழந்தை வயிற்றில் போனால் விஷம், வலிப்புகூட வரும்.)

"நிறுத்தி நாலு நாள்தான் ஆச்சு அக்கா..."

"நல்லாக் கழுவிட்டு மறுபடி மடியில் போட்டுக்கோம்மா, சுரக்கும்."