நாத்தனார் அனுப்பிய மக்னீசியம்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து தெரிந்த மாமி ஒருவர் காவிரிப் பாலம் தாண்டி, கையில் ஒரு புட்டியோடு போன வாரம் வந்தார். அமெரிக்காவிலிருந்து நாத்தனார் அனுப்பியதாம். "மக்னீசியமாம், இதயத்துக்கு ரொம்ப நல்லதாம். மாமாவுக்குக் கிரியேட்டினின் 2.1 இருக்கே, டாக்டர் கூட இதயத்தைப் பார்த்துக்கோங்கோன்னார். கொடுக்கலாமா, சொல்லு!" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். சிறுநீரகம் பழுதுபட்டவர்களில் பலரைக் காவு கொள்வது டயாலிசிஸ் வரைக்கும் போகும் முன்பே வருகிற இதயநோய். வடிகட்டும் சக்தி குறையக் குறைய ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்குகிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து ரத்தக் குழாயின் சுவரில் படிகிறது. வெந்நீர்த் தவலைக்குள் வெள்ளையாக உப்பு படிகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இந்தப் படிவை மக்னீசியம் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அதிலிருந்து வந்த ஆசைதான் இது.

நோயாளிகளுக்குக் கொடுத்தால்? 2019-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 125 பேர் இருந்தார்கள். மக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கு இதயக் குழாய்ப் படிவு மெதுவாகவே வளர்ந்தது. புட்டி விற்பவர்கள் இதோடு கதையை நிறுத்திக்கொள்வார்கள்! டென்மார்க்கிலும் நார்வேயிலும் 148 பேரிடம், சிலருக்கு மக்னீசியம், சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று 12 மாதம் கொடுத்துப் பார்த்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் மக்னீசியம் என்னவோ ஏறியது. படிவின் வளர்ச்சி மட்டும் குறையவே இல்லை.

லாபம் நிச்சயமில்லை, ஆபத்தோ உண்டு. உடம்புக்கு மிஞ்சின மக்னீசியத்தைச் சிறுநீரில் தள்ளுவதே சிறுநீரகம்தான். அது சோர்ந்துபோனால் மக்னீசியம் உள்ளேயே தங்கும். முதலில் குமட்டல், அசதி, ஓயாத தூக்கம். 'வயசாச்சு, தூங்கறார்' என்று நாம் விட்டுவிடுவோம். மிகவும் ஏறினால் ரத்த அழுத்தம் இறங்கும், நாடி மந்தப்படும், மூச்சே திணறும்.

புட்டியை விட எனக்குப் பயம், நம் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருக்கிற சாமான்தான். மாதம் ஒருமுறை வயிறு சுத்தமாகணும் என்று பெரியவர்கள் கலக்கிக் குடிக்கும் பேதி உப்பு இருக்கிறதே, அது முழுக்க மக்னீசியம். மலச்சிக்கலுக்குக் குடிக்கும் 'மில்க் ஆஃப் மெக்னீஷியா'வும் அதுவே. நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் பால் போன்ற மருந்துகள் பலவற்றிலும் உண்டு. இதையெல்லாம் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, டாக்டரிடம் சொல்வதுமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகளும், வருஷக்கணக்கில் விழுங்கும் அசிடிட்டி மாத்திரைகளும் மக்னீசியத்தைக் குறைத்துவிடும். குறைந்தாலும் இதயத் துடிப்பு தாளம் தப்பும். அப்போது ரத்தத்தைச் சோதித்து, டாக்டரே அளவாகக் கொடுப்பார். சாப்பாட்டிலேயே தேடலாம் என்று கீரையும் கேழ்வரகும் கூட்டப் போகிறீர்களா? அவற்றில் பொட்டாசியமும் இருக்கிறது. பொட்டாசியம் ஏறினவர்களுக்கு அது ஆகாது. அதையும் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

வீட்டில் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் இருந்தால், கிரியேட்டினினோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் வருஷம் ஒருமுறை பாருங்கள். புத்தூர் அரசு ஆஸ்பத்திரியானாலும் சரி, உங்கள் வழக்கமான டாக்டரானாலும் சரி, போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அலமாரியில் இருக்கும் புட்டி, பொட்டலம், பாட்டியின் பேதி உப்பு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போய் மேஜைமேல் கொட்டுங்கள்.